அமெரிக்க சவுண்ட்டிராக் தட்டுகளை பிரிட்டனுக்கு வரவழைப்பது: எந்த வழி கட்டுபடியாகும்?

ஹாலிவுட் பின்னணி இசையை எல்.பி. எனும் வினைல் தட்டாகவும் சி.டி.யாகவும் சேர்ப்பவர் பிரிட்டனில் இருந்தால், அவர் தேடுவது பெரும்பாலும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். பர்பேங்கில் லா-லா லேண்ட், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இன்ட்ராடா, நியூ ஆர்லியன்ஸில் வாக்ஸ்வொர்க், ஆஸ்டினில் தொடங்கிய மாண்டோ என்று இசையை வெளியிடும் லேபிள்கள் எல்லாம் அங்கே. தளத்தில் 20 டாலர் என்று போட்டிருக்கும் சி.டி. வாசலுக்கு வரும்போது 35 பவுண்டு ஆகிவிடுகிறது. இதைப் பார்த்ததும் எல்லாரும் கஸ்டம்ஸைத்தான் திட்டுகிறார்கள். அது பாதிதான் சரி. 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) லண்டன் கடையில் வாங்கினாலும் உண்டு. நம் கையில் இருப்பவை வேறு: தபால் விலை ஏறும் எடைப் படிகள், வாசலில் கேட்கும் கையாளும் கட்டணம், பார்சல் கட்டப்படும் விதம். ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றை வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

கணக்குகளில் ஒரு பவுண்டுக்கு 1.30 டாலர் என்று வைத்திருக்கிறோம். தபால் விலைகள் அடிக்கடி ஏறுவதால் கீழே வரும் தபால் தொகைகள் மாதிரிக்குத்தான். தொகை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வரி விதி. 2021 ஜனவரி 1 முதல், 15 பவுண்டுக்குக் கீழே இருந்தால் வாட் இல்லை என்ற பழைய சலுகை போய்விட்டது. இப்போது பார்சலின் சரக்கு மதிப்பு 135 பவுண்டு வரை இருந்தால், வாட்டை விற்பவரே செக்-அவுட்டில் வாங்கி எச்.எம்.ஆர்.சி. என்ற பிரிட்டிஷ் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். ஈபே போன்ற சந்தைத் தளத்தில் வாங்கினால் அந்தத் தளமே வசூலித்துவிடும். 135ஐத் தாண்டினால் செக்-அவுட்டில் வாட் இல்லை; எல்லையில் போடுவார்கள், கூடவே சுங்கத் தீர்வை உண்டா என்றும் பார்ப்பார்கள். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 135 என்ற வரம்பு சரக்கின் விலைக்கு மட்டும், தபால் செலவு அதில் சேராது. ஆனால் வாட் போடும்போது தபால் செலவையும் சேர்த்த மொத்தத்துக்குத்தான் போடுவார்கள். 120 பவுண்டு தட்டுகளுக்கு 30 பவுண்டு தபால் என்றால் பார்சல் வரம்புக்குள்தான் இருக்கிறது. வாட் மட்டும் 150க்கு, அதாவது 30 பவுண்டு.

இந்த விதி வந்தபின் அமெரிக்காவின் சிறிய கடைகள் பல பிரிட்டிஷ் வாட் பதிவுக்குப் போகாமல் பிரிட்டனுக்கு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டன. இன்னும் நேரடியாக அனுப்பும் லேபிள்களை ஆதரிப்பது நம் நலனுக்கே நல்லது.

லேபிளிடம் நேரடியாக, அமெரிக்கத் தபாலில்

பெரும்பாலானோர் போகும் வழி இதுதான். சரியாகக் கையாண்டால் சிறந்த வழியும் இதுவே. தவறாகக் கையாண்டால் இதைவிட மோசமான வழி கிடையாது.

அமெரிக்கத் தபால் துறை கப்பல் தபாலை 2007 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. அதன்பின் எல்லாம் விமானம்தான். உள்நாட்டில் அவர்களுக்கு மீடியா மெயில் என்று ஒன்று உண்டு. புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்குமான மலிவுச் சேவை. வெளிநாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அமெரிக்க நண்பர் ஐந்து டாலர் தபாலில் வரவழைக்கும் அதே தட்டுக்கு நாம் முப்பது டாலர் தபால் கொடுப்பது இதனால்தான். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

லேபிள்கள் அதிகம் பயன்படுத்துவது ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல். இதன் எடை வரம்பு 64 அவுன்ஸ், அதாவது 1814 கிராம். நீளம், அகலம், தடிமன் மூன்றும் சேர்ந்து 36 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 13 அங்குல எல்.பி. பெட்டி தாராளமாக அடங்கும். விலை கிராமுக்குக் கிராம் ஏறுவதில்லை, படி படியாக ஏறுகிறது: 8 அவுன்ஸ் வரை ஒன்று, 32 வரை ஒன்று, 48 வரை ஒன்று, 64 வரை ஒன்று. கிராமில் 227, 907, 1361, 1814. இந்த நான்கு எண்களையும் சேகரிப்பாளர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

சி.டி.யை எடுத்துக்கொள்வோம். சாதாரண பிளாஸ்டிக் கேஸ், உள்ளே சி.டி., 24 பக்கக் கையேடு எல்லாம் சேர்ந்து 110 கிராம் அளவில் வரும். குமிழ் உறை 25 கிராம். ஒன்று வாங்கினால் முதல் படி. இரண்டு வாங்கினால் 245 கிராம், 227ஐத் தாண்டிவிட்டது, இரண்டாம் படி. அந்த இரண்டாம் படியோ 907 கிராம் வரை போகிறது. ஏழு சி.டி. 770 கிராம், சின்ன அட்டைப்பெட்டி 100 கிராம், மொத்தம் 870. அதே படி, அதே காசு. ஆக, நேரடியாக வாங்கினால் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் ஏழு வாங்குங்கள். இரண்டோ மூன்றோ வாங்குவதுதான் நஷ்டம்.

பணத்தில் பார்த்தால்: முதல் படி 18 டாலர், இரண்டாம் படி 33 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 20 டாலர் சி.டி.: 38, வாட்டோடு 45.60, பவுண்டில் 35. இரண்டு: 73, வாட்டோடு 87.60, தலைக்கு 33.70 பவுண்டு. இரண்டாவது சி.டி.யால் மிச்சமானது ஒரு பவுண்டு சொச்சம்தான். ஏழு: 140 கூட்டல் 33, வாட்டோடு 207.60 டாலர், தலைக்கு 22.80 பவுண்டு. சரக்கு மதிப்பு 108 பவுண்டு என்பதால் 135 வரம்புக்குள் பத்திரமாக இருக்கிறது, வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எட்டாவதைச் சேர்த்தால் மதிப்பு தாங்கும், எடை தாங்காது.

எல்.பி.க்கும் இதே கணக்குதான், ஆனால் பெட்டி எடை அதிகம். 140 கிராம் வினைல், அட்டை உறை, உள்ளுறை சேர்ந்து ஒரு தட்டு 250 முதல் 270 கிராம் வரும். நல்ல பெட்டியும் இரண்டு பக்கம் தடுப்பு அட்டையும் 300 கிராம். ஒன்று அனுப்பினாலும் 570, இரண்டு அனுப்பினாலும் 840, இரண்டும் 907க்குள்தான். இரண்டாவது தட்டுக்குத் தபால் இலவசம் என்று அர்த்தம். 180 கிராம் அச்சில் மடிப்பு அட்டையோடு வரும் இரட்டைத் தட்டு 560 கிராம்வரை போகும், பெட்டியோடு 860. அது ஒன்று மட்டுமே படியை நிரப்பிவிடும். அதோடு இன்னொரு ஒற்றைத் தட்டைச் சேர்த்தால் மூன்றாம் படி. கனமான வினைல் ஒலியில் பெரிய வித்தியாசம் தருவதில்லை. இறக்குமதி செய்பவருக்கு அது தபால் பில்லில்தான் தெரியும்.

சில கடைகள் எடையைப் பார்ப்பதில்லை. முதல் பொருளுக்கு இவ்வளவு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அட்டவணை வைத்திருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி கார்ட்டில் முகவரியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பொருளாகச் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் தபால் சமமாக ஏறினால் எண்ணிக்கைக் கணக்கு. நின்று நின்று தாவினால் எடைக் கணக்கு. எண்ணிக்கைக் கணக்கு வைத்திருக்கும் கடையில் மொத்தமாக வாங்கி லாபமில்லை.

பணம் கட்டும்போது பேபாலையே டாலரிலிருந்து பவுண்டுக்கு மாற்ற விட்டால் மாற்று விகிதத்தில் சில சதவீதம் போய்விடும். டாலரிலேயே கட்டுவதைத் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டைப் பயன்படுத்துங்கள்.

இந்தச் சேவைக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஃபர்ஸ்ட் கிளாஸில் காப்பீடு வாங்க முடியாது. அதற்கு மேலான பிரயாரிட்டி மெயில் இன்டர்நேஷனலில் குறைந்த அளவு காப்பீடு சேர்ந்தே வரும், ஆனால் விலை அதிகம். பிரிட்டனில் ஃபர்ஸ்ட் கிளாஸ் பார்சலை ராயல் மெயில் கொண்டுவரும், பிரயாரிட்டியை ராயல் மெயில் குழுமத்தின் பார்சல் சேவையான பார்சல்ஃபோர்ஸ் கொண்டுவரும். வாசலில் வாட் வசூலிக்க நேர்ந்தால் ராயல் மெயிலின் கையாளும் கட்டணம் 8 பவுண்டு. பார்சல்ஃபோர்ஸ் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஒரு தட்டு, இரண்டு தட்டுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸே போதும். 100 டாலருக்கு மேற்பட்ட தொகுப்புக்குப் பிரயாரிட்டி கொடுப்பதில் நியாயம் உண்டு.

வெளியீட்டு நாள் பற்றியும் ஒரு சொல். இந்த லேபிள்கள் 1000, 2000, 3000 என்று வரம்பு வைத்து அச்சிடுகின்றன. லா-லா லேண்ட் வழக்கமாக பசிபிக் நேரம் நண்பகல் 12க்கு விற்பனையைத் திறக்கும். லண்டனில் அது இரவு 8 மணி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் மாற்றுகிறது. அந்த இடைவெளியில் 7 மணிக்கே திறந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிந்தைய ஒரு வாரமும் அப்படித்தான். 1000 பிரதி வெளியீடு என்றால் எடைக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். மறுவிற்பனை விலையோடு பார்த்தால் அந்த 35 பவுண்டே மலிவுதான். 3000, 5000 பிரதிக்கு அந்த அவசரம் வேண்டியதில்லை. ஏழு சேரும்வரை காத்திருக்கலாம்.

முன்பதிவுப் பொருளை இந்த ஏழில் கலக்காதீர்கள். வினைல் அச்சு ஆலையில் தாமதமானால் கையிருப்பில் இருக்கும் ஆறும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

135 பவுண்டைத் தாண்டினால்

பார்சலைப் பிரித்து 135க்குள் வைத்தால் லாபம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. 140 பவுண்டு சரக்கு, ஒரே பார்சல், தபால் 35: எல்லையில் வாட் 35, கையாளும் கட்டணம் 8, மொத்தம் 218. அதையே 70, 70 என்று பிரித்து, தபால் தலா 22 என்று வைத்தால் வாட் தலா 18.40, மொத்தம் 220.80. பிரித்ததில் இரண்டு பவுண்டு சொச்சம் நஷ்டம். பிரிப்பதால் மிச்சமாவது அந்த 8 பவுண்டும், சுங்கச் சோதனையில் பார்சல் கிடக்கும் நாட்களும்தான். தபால் அதைத் தின்றுவிடும் என்றால் பிரிக்க வேண்டாம்.

சுங்கத் தீர்வை என்று வந்தால் பொருளின் குறியீடு முக்கியம். வினைல் 8523 80, பதிவான சி.டி. 8523 49. பிரிட்டிஷ் அரசின் தீர்வைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். கவனிக்க வேண்டியது பண்டில்கள். தட்டோடு டி-ஷர்ட் சேர்த்து விற்கும் சிறப்புத் தொகுப்பு 135ஐத் தாண்டினால், டி-ஷர்ட்டுக்கு 12 சதவீத ஆடைத் தீர்வை தனியாக வரும். பிறகு அந்தத் தீர்வையையும் சேர்த்து வாட். இசைதான் வேண்டும் என்றால் டி-ஷர்ட் இல்லாததை வாங்குங்கள்.

கஸ்டம்ஸ் படிவத்தில் விலையைக் குறைத்துப் போடும்படி விற்பவரைக் கேட்காதீர்கள். அது சட்டப்படி தவறு. பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். அன்பளிப்பு என்று குறிப்பதும் அப்படியே: 39 பவுண்டு வரையிலான விலக்கு தனிநபர் தனிநபருக்கு உண்மையாகவே தரும் பரிசுக்கு, கடையிலிருந்து வரும் பார்சலுக்கு அது பொருந்தாது.

செக்-அவுட்டில் வாட் கட்டியும் வாசலில் மறுபடி கேட்கிறார்கள் என்றால், பெரும்பாலும் காரணம் விற்பவர் தன் பிரிட்டிஷ் வாட் பதிவு எண்ணைப் பார்சல் விவரத்தில் சேர்க்காததுதான். பார்சல் உடனே வேண்டும் என்றால் கட்டி வாங்கிக்கொண்டு, பி.ஓ.ஆர். 286 என்ற படிவத்தில் எச்.எம்.ஆர்.சி.யிடம் திரும்பக் கேட்கலாம். அதற்கு மூன்று வேண்டும்: வாட் தனியாகக் காட்டப்பட்ட ரசீது, பார்சல் மேல் ஒட்டிய கட்டணச் சீட்டு, கஸ்டம்ஸ் அறிவிப்புச் சீட்டு. அட்டைப்பெட்டியை மறுசுழற்சித் தொட்டியில் போடுமுன் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று இல்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். திரும்ப வருவது வரி மட்டுமே. 8 பவுண்டு கையாளும் கட்டணம் தபால்காரருடையது, அதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும். கூரியர் வழி வந்த பார்சலுக்கு இந்தப் படிவம் செல்லாது.

பெட்டி கட்டும் விதம்

தபால், வரி எல்லாம் சரியாக இருந்தும் தட்டு கிழிந்த உறையோடு வந்தால் என்ன பயன்? எல்.பி.க்கு மிகச் சாதாரணமாக நேரும் சேதம் உறையின் விளிம்பு பிளப்பதுதான். பெட்டி நிலைக்குத்தாக விழும்போது உள்ளே இருக்கும் தட்டு கீழே இறங்கி, தன் விளிம்பாலேயே அட்டை உறையின் அடிப் பக்கத்தை வெட்டிவிடும். 180 கிராம் தட்டு இன்னும் வேகமாக வெட்டும். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புவது. பழைய தட்டு விற்பவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். சீல் பிரிக்காத புதுத் தட்டில் இது முடியாது. பிரித்தால் மறுவிற்பனை மதிப்பு போகும். இசையைக் கேட்பதற்காக வாங்குபவர் பிரித்து அனுப்பச் சொல்லலாம் என்பதே எங்கள் கருத்து. எல்லா லேபிளும் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அடுத்தது மூலை நசுங்கல். எல்.பி. உறை 31.5 சென்டிமீட்டர். பெட்டியின் உள்ளளவு 33க்கு மேல் இருந்து, நான்கு மூலையிலும் இடைவெளி இருந்தால் இடி பெட்டியோடு நின்றுவிடும். தட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்கும் தடுப்பு அட்டைகளில் ஒன்றன் நெளி வரிகள் நெடுக்காகவும் மற்றொன்றின் நெளி வரிகள் குறுக்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பெட்டி அந்த வரியோடு மடங்கும். தட்டு உள்ளே ஆடக் கூடாது, ஆனால் இறுகவும் கூடாது. பெட்டியைக் காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் சுருக்கு பிளாஸ்டிக் இறுக்கமாகச் சுற்றிய தட்டு வளைந்து வருவதுண்டு. வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிடுங்கள். குளிர்காலப் பார்சலை அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் படுக்கையாக வைத்துவிட்டுப் பிறகு இயக்குங்கள்.

சி.டி.யில் கேஸ் உடைவது பெரிய விஷயமே அல்ல, புதுக் கேஸ் சில்லறைக் காசு. சேதம் என்று சொல்ல வேண்டியது கையேடு நனைவதும் மடங்குவதும்தான். காலிக் கேஸ் சுமார் 70 கிராம் என்பதால், பழைய சி.டி. விற்பவரிடம் கேஸை நீக்கிவிட்டு வட்டும் தாளும் மட்டும் அனுப்பச் சொல்லலாம். 907 கிராமுக்குள் ஏழுக்குப் பதில் பதினைந்துக்கு மேல் அடங்கும். அப்போது 135 வரம்புதான் முதலில் இடிக்கும்.

சேதம் இருந்தால் பிரிக்கும் முன்பே வெளிப்பெட்டியை ஆறு பக்கமும் படம் எடுங்கள். அமெரிக்கத் தபால் வழி வந்த பார்சலுக்கு, அதை அனுப்பியவர்தான் விசாரணையைத் தொடங்க முடியும். நாம் ராயல் மெயிலிடம் அலைவதில் பலன் குறைவு.

மற்ற வழிகள்

ஈபேயில் அமெரிக்க விற்பனையாளர்களில் பலர் ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங்கில் இருக்கிறார்கள். விற்பவர் இல்லினாய் மாநிலத்தின் கிளெண்டேல் ஹைட்ஸில் உள்ள மையத்துக்கு அனுப்பினால் போதும்; அங்கிருந்து ஈபே பார்த்துக்கொள்ளும். இறக்குமதிக் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும், வாசலில் அதிர்ச்சி இல்லை, தொலைந்தாலும் ஈபே பொறுப்பு. குறை, பெட்டியில்தான். விற்பவர் மனதில் இது உள்நாட்டுப் பார்சல். மெல்லிய அட்டையில் போட்டு மீடியா மெயிலில் தள்ளிவிடுவார். அதே அட்டைதான் கடல் தாண்டி வருகிறது. வாங்குமுன் ஒரு செய்தி அனுப்பி, தட்டு பிரிட்டன் வருகிறது, தடுப்பு அட்டை வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கியதை இது ஒன்றாகச் சேர்த்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. ஒற்றை அரிய தட்டுக்கு நல்லது, மொத்தமாக வாங்கச் சரிப்படாது.

அமெரிக்க முகவரி தந்து, வந்தவற்றைச் சேர்த்து அனுப்பும் பார்சல் சேவைகள் காகிதத்தில் கவர்ச்சியாகத் தெரியும். உள்நாட்டு மலிவுத் தபாலில் நாலு கடைப் பொருளைச் சேர்க்கலாமே என்று தோன்றும். மூன்று இடத்தில் அடி விழுகிறது. ஒன்று, பெரும்பாலும் கூரியரில் வருவதால் எடை அல்ல, பெட்டியின் பரும எடைதான் கணக்கு: சென்டிமீட்டரில் மூன்று பக்கத்தையும் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 33க்கு 33க்கு 10 பெட்டி 2.18 கிலோ, உள்ளே ஐந்து எல்.பி.யின் உண்மை எடை பெட்டியோடு 1.8 கிலோதான். இரண்டு, கிடங்கில் திரும்பக் கட்டுபவருக்கு இது இசைத்தட்டு என்று தெரியாது, மூலை இடைவெளி போய்விடும். மூன்று, கடை அமெரிக்க முகவரிக்கு விற்பதால் பிரிட்டிஷ் வாட் அங்கே பிடிக்கப்படாது. எல்லையில் வாட், கூரியரின் கட்டணம் இரண்டும் வரும். கிடங்கு இருக்கும் மாநிலத்தைப் பொறுத்து அங்கத்திய விற்பனை வரியும் உண்டு. ஓரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் முகவரி என்றால் அந்த விற்பனை வரி இருக்காது. வெளிநாட்டுக்கே அனுப்பாத கடைகளிடம் பெரிய அளவில் வாங்குபவருக்கு மட்டும் இது தேறும்.

டி.எச்.எல்., ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். வேகமானவை, பெட்டியும் பெரும்பாலும் முழுசாக வரும். ஆனால் எல்லையில் வாட் கட்ட வேண்டிய பார்சல் என்றால், அதை நம் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்கு 10 பவுண்டுக்கு மேல் கேட்பார்கள். 30 டாலர் தட்டுக்கு வேண்டாம்.

ஐரோப்பிய லேபிள்களை மறக்கக் கூடாது. மாட்ரிட்டின் குவார்டெட், பாரிஸின் மியூசிக் பாக்ஸ் இரண்டும் அமெரிக்க லேபிள்களுக்குச் சமமான தரத்தில் வெளியிடுகின்றன, தபாலும் குறைவு. பிரெக்சிட்டுக்குப் பின் அவையும் இறக்குமதிதான். கார்ட்டில் நாட்டை பிரிட்டன் என்று மாற்றியதும் விலை குறைகிறதா என்று பாருங்கள். ஸ்பெயினின் வாட் 21 சதவீதம் என்பதால் 17.95 யூரோ சி.டி. 14.83க்கு இறங்க வேண்டும், அதன்பின் பிரிட்டிஷ் 20 சேர வேண்டும். விலை இறங்கவே இல்லை என்றால் இரண்டு நாட்டு வரியையும் கட்டும் நிலை வரலாம். ஆர்டருக்கு முன் எழுதிக் கேளுங்கள். வட அயர்லாந்து முகவரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஐரோப்பியச் சரக்குக்கு விதி வேறு.

பிரிட்டனிலேயே அமெரிக்க வெளியீடுகளை மொத்தமாக இறக்கி விற்கும் தனி வியாபாரிகளிடம் 20 டாலர் சி.டி. 23, 24 பவுண்டுக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நேரடியாக ஏழு வாங்கினாலும் 22.80 ஆகிறது. ஒரு பவுண்டுக்காக உடையும் அபாயத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பதும் உள்ளூர்த் தபாலில் முடிந்துவிடும். அவர்களிடம் எல்லாத் தலைப்பும் வராது, வந்தாலும் சில வாரம் கழித்து வரும்.

அட்லாண்டிக்கின் மறுபக்கத்திலும் இதே பாடுதான். 2025 ஆகஸ்ட் 29இல் அமெரிக்கா 800 டாலர் வரையிலான தீர்வை விலக்கை நிறுத்தியபோது, ஐரோப்பிய அஞ்சல் துறைகள் பல அமெரிக்கப் பார்சலைச் சில காலம் ஏற்கவே இல்லை. மாட்ரிட், பாரிஸ் லேபிள்களை நம்பியிருந்த அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அப்போதுதான் குறியீட்டு எண்களைத் தேட ஆரம்பித்தார்கள். இங்கிருந்து அங்கே தட்டு விற்பவர் கஸ்டம்ஸ் படிவத்தில் "பொருட்கள்" என்று பொதுவாக எழுதாமல், வினைல் இசைத்தட்டு என்று குறியீட்டோடு எழுத வேண்டும்.

கடைசியாக, லண்டன் தமிழ் வீடுகளில் பலருக்குக் கையிலேயே இருக்கும் வழி: நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் சித்தப்பாவோ மச்சானோ. அவர் முகவரிக்கு மீடியா மெயிலில் தட்டு போய்ச் சேரட்டும். அவர் லண்டன் வரும்போது கொண்டுவந்தால், விமானத்தில் வரும் பயணிக்கு 390 பவுண்டு வரை வரியில்லா அளவு உண்டு. ஆனால் அந்தச் சலுகை அவரே வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் அவர் தரும் பரிசுக்கும்தான். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்ன தட்டு அதில் சேராது; அவர் அதை விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். வாட் எப்படியும் வரும் என்று வைத்துக்கொண்டாலும் சர்வதேசத் தபால் முழுதாக மிச்சம், அதுவே பெரிய தொகை. எல்.பி. கேபின் பையில் அடங்கும். பையின் தட்டையான முதுகுப் பக்கம் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் தடுப்பு அட்டை வைத்து, துணிகளால் இறுக்கிவிட வேண்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பத்து ஒற்றைத் தட்டு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.